கப்பல் சாப்பாட்டுக்குத் தனியாக 39,600 ரூபாய் கட்டலாமா?

கேள்வி: ஐயா, நாங்கள் புதுவண்ணாரப்பேட்டையில் இருக்கிறோம். கணவர் காசிமேட்டில் ஐஸ் ஃபேக்டரி நடத்துகிறார். எங்களுக்குக் கல்யாணமாகி 20 வருஷம் ஆகிறது. அதற்காக மே மாதம் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பலில் 4 இரவுப் பயணம் போட்டிருக்கிறோம். பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும். நாலாவது நாள் முழுக்க கடலில்; அன்றுதான் கல்யாண நாள். நாங்கள் இருவர், மாமியார் (68 வயது, சுத்த சைவம்), மகன் (17), மகள் (9). டிக்கெட்டிலேயே சாப்பாடு சேர்த்திதான். இப்போது மண்ணடியில் இருக்கும் எங்கள் ஏஜென்ட், “அது சாதாரண சாப்பாடும்மா, ஸ்பெஷல் ரெஸ்டாரண்ட்டுக்கு பேக்கேஜ் போட்டுக்குங்க” என்கிறார். மூன்று இரவுக்கு ஆளுக்கு 110 டாலர். பெரியவர் கணக்கில் 4 பேருக்கு 39,600 ரூபாய். தனியாகப் போனால் ஒரு வேளைக்கே 60 டாலராம். பேக்கேஜில் 25,200 ரூபாய் மிச்சம் என்று எழுதியே காட்டினார். வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் விலை ஏறுமாம். வீட்டில் மாட்டுக்கறி சாப்பிடுவதில்லை. மகன் மட்டும் வெளியே சாப்பிடுவான். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். விலைப்பட்டியலைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். கட்டலாமா?

பதில்: சகோதரிக்கு வணக்கம். கட்ட வேண்டாம். ஒரே ஒரு வேளை, அதுவும் மதியச் சாப்பாட்டுக்கு, நீங்களும் கணவரும் மட்டும் போய் வாருங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

நான் ராயபுரம் கல்மண்டபத்துக்காரன். சிடிசி, அதாவது கப்பல் வேலைக்கான பதிவுப் புத்தகம், எடுத்து உதவி வெயிட்டராகக் கப்பல் ஏறியவன், 14 வருஷம் கழித்து ஹெட் வெயிட்டராக இறங்கினேன். பயணிகள் ஏறும் முதல் நாள் மதியம் பஃபே வாசலில் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்று, “இன்னிக்கு மட்டும் ஆஃபர்” என்று இதே பேக்கேஜை விற்றவர்களில் நானும் ஒருத்தன். அதற்கு எங்களுக்கு டார்கெட் உண்டு. அதனால் உங்கள் ஏஜென்ட் மேல் எனக்குக் கோபமே இல்லை. அவர் கூட்டலிலும் தப்பில்லை. மூன்று அறுபது நூற்றெண்பது. அதில் நூற்றுப்பத்து போக எழுபது. நாலு பேருக்கு 280 டாலர், டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்தால் 25,200. சரி.

ஆனால் எதை எதோடு வைத்துப் பார்க்கிறார் என்று கவனியுங்கள். வீட்டில் மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருக்கிறது. வெளியே 500 ரூபாய் சாப்பாடு இன்று 300-க்குக் கிடைக்கிறது, 200 ரூபாய் மிச்சம் என்று ஒருவர் சொல்கிறார். மிச்சமா அது? கப்பலில் உங்கள் குழம்பு ஏற்கெனவே அடுப்பில் இருக்கிறது. நாலு இரவும் மூன்று வேளையும், நடுவில் பசித்தால் அதற்கும், டிக்கெட் பணத்திலேயே கட்டிவிட்டீர்கள். ஸ்பெஷல் ரெஸ்டாரண்ட்டில் உட்காரும் இரவு, கட்டிய சாப்பாட்டை விட்டுவிட்டு மறுபடி காசு கொடுத்துச் சாப்பிடுகிறீர்கள். விட்டதற்கு ஒரு பைசா திரும்ப வராது.

ஒரு காலத்தில் வந்தது என்பது வேடிக்கை. 1905-ல் ஜெர்மனிக்காரர்களின் ‘அமெரிக்கா’ என்ற கப்பலில்தான் ரிட்ஸ் பெயரில் தனிக்காசு ரெஸ்டாரண்ட் வந்தது. 1912-ல் டைட்டானிக்கிலும் அப்படி ஒன்று இருந்தது. முதல் வகுப்புப் பயணி, ‘நான் பொதுச் சாப்பாட்டுக் கூடத்துக்கே வரமாட்டேன், இங்கேயேதான் சாப்பிடுவேன்’ என்று சொன்னால் டிக்கெட்டில் சில பவுண்டு கழித்துக்கொடுத்தார்கள். இன்றைக்கு எந்தக் கப்பலிலாவது அப்படிக் கேட்டுப் பாருங்கள். சிரித்துக்கொண்டே ஒரு மெனு கார்டை நீட்டுவார்கள்.

அடுத்தது அந்த 39,600. அது முடிவான தொகை இல்லை. பட்டியலில் விலைக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது, பெரிதாக்கிப் பாருங்கள்: 18 சதவீதம் கிராஜுவிட்டி, அதாவது டிப்ஸ், தனி. கப்பல் தொழிலில் இது வழக்கம்தான். ராயல் கரீபியனில் 18 சதவீதம், நார்வீஜியனில் 20 சதவீதம் என்று தானாகவே ஏறிவிடும். உங்கள் 440 டாலர் இதனால் 519 டாலர் 20 சென்ட் ஆகிறது. ரூபாயில் 46,728. கிரெடிட் கார்டில் கட்டினால் வெளிநாட்டுப் பணத்துக்கு வங்கி எடுக்கும் மார்க்அப் வேறு. பல கார்டுகளில் அது மூன்றரை சதவீதம் வரை போகும். ஆக 48,000 ரூபாய்க்கு மேல். கூல்ட்ரிங்க்ஸ், ஜூஸ் எதுவும் இதில் வராது. மகள் சாப்பாடும் இதில் வராது. சின்னப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பேக்கேஜ் கிடையாது. ஒவ்வொரு தடவையும் தனியாக ஒரு சிறு தொகை வாங்குவார்கள். மகன் 17 வயதில் பெரியவர் கணக்கில் வந்துவிட்டான்.

இனி ஆளாளுக்குப் பார்க்கலாம். கப்பலில் இருந்த காலத்தில் நான் மேஜையைப் பார்த்த மாத்திரத்தில் போட்ட கணக்கு இதுதான்.

ஸ்பெஷல் ரெஸ்டாரண்ட் என்றால் என்னென்ன? உங்கள் பட்டியலில் நாலு இருக்கின்றன: ஸ்டீக்ஹவுஸ், இத்தாலியன், ஜப்பானிய சுஷி, டெப்பன்யாகி. ஸ்டீக்ஹவுஸில் காசுக்கு மதிப்பு முழுக்க மாட்டுக்கறியில்தான் இருக்கிறது. பொதுக் கூடத்தில் கிடைக்காத தரமான துண்டு, நீங்கள் சொல்லும் பதத்தில் அப்போதே நெருப்பில் போட்டு எடுப்பார்கள். அதைச் சாப்பிடாதவர் கோழியும் மீனும் கேட்டால், கீழே சும்மா கிடைப்பதற்கும் இதற்கும் நாக்கு பெரிய வித்தியாசம் சொல்லாது. சுஷியில் பாதி பச்சை மீன். இத்தாலியனில் சைவம் நிறைய உண்டு, ஆனால் பாஸ்தா பஃபேயிலேயே தினமும் இருக்கும். டெப்பன்யாகி என்பது சூடான இரும்புத் தட்டைச் சுற்றி உங்களை உட்காரவைத்து, சமையல்காரர் முட்டையைக் கரண்டியில் தட்டி விளையாடிக்கொண்டே சமைப்பது. பீச் ஸ்டேஷன் பக்கம் பர்மாக்காரர்களின் அத்தோ கடையில், நூடுல்ஸையும் முட்டைக்கோஸையும் கையாலேயே பிசைந்து, மொறுமொறு பேஜோவை நசுக்கிப் போடும் வேகத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது அப்படி ஒன்றும் மாயாஜாலமாகத் தெரியாது. எனக்குத் தெரியவில்லை.

உங்கள் கணவருக்கு வருகிறேன். காசிமேட்டில் விடிகாலையில் படகிலிருந்து இறங்கும் வஞ்சிரத்துக்கு ஐஸ் உடைத்துக் கொடுக்கிறவர். கப்பலில் பரிமாறும் மீன் பெரும்பாலும் உறையவைத்துப் பெட்டியில் வருவது; எலுமிச்சை பிழிந்து வெண்ணெய் ஊற்றித் தந்தாலும், ஃபோர்க் வைத்ததுமே எத்தனை மாசம் குளிரில் கிடந்தது என்று அவர் சொல்லிவிடுவார். அதற்காக மூன்று இரவு 130 டாலரா?

மாமியார். இங்கேதான் எனக்கு மனசு கேட்காது. ஒரு கோயம்புத்தூர்க் குடும்பம், ஆறு பேர், எல்லாருக்கும் பேக்கேஜ். மூன்றாவது நாள் ராத்திரி ஸ்டீக்ஹவுஸ். பாட்டிக்கு எழுபது வயதிருக்கும். அவருக்கென்று வந்தது அலுமினியத் தாளில் சுட்ட ஒரு பெரிய உருளைக்கிழங்கு, க்ரீமில் வேகவைத்த கீரை, கொஞ்சம் காளான். பக்கத்தில் ஸ்டீக் வெட்டும் பல்வைத்த கத்தி. அந்தக் கத்தியை மெல்ல நாப்கினுக்கு அடியில் தள்ளி மறைத்தார். கிழங்கைப் பிளந்து, உப்பைத் தூவி ஒரு வாய் வைத்தார். பிறகு என்னைப் பார்த்து மெதுவாக, “தம்பி, ஊறுகா ஏதாச்சும் இருக்குதுங்களா?” என்றார். அந்த ரெஸ்டாரண்ட்டில் பன்னிரண்டு வகை சாஸ் உண்டு, ஊறுகாய் கிடையாது. நாங்கள் வேலைக்காரர்கள் சாப்பிடும் மெஸ்ஸில் இருக்கும். எங்களில் பாதிப்பேர் இந்தியர்கள்தானே. மூன்று மாடி இறங்கி ஓடி, ஒரு சின்னக் கிண்ணத்தில் எலுமிச்சை ஊறுகாய் கொண்டுவந்து வைத்தேன். விதிப்படி செய்யக்கூடாதது. கிழங்கும் ஊறுகாயுமாகச் சாப்பிட்டுவிட்டு, “நல்லா இருங்க” என்றார். மூன்றில் ஒரு பங்கு பேக்கேஜ் விலை, அந்தக் கிழங்கு. பத்தரை மணிக்கு அதே அம்மாவைப் பஃபேயில் பார்த்தேன். தயிரில் வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

மகன் ஒருத்தன்தான் இந்தக் கூட்டத்தில் பேக்கேஜுக்கு ஏற்ற ஆள். பதினேழு வயசு, வயிற்றுக்கு அடியில்லை, நீங்கள் சொன்ன அந்த இன்னொரு ரகசியமும் உண்டு. அவனை ஒரு தடவை ஸ்டீக்ஹவுஸுக்கு அனுப்பலாம். ஆனால் அவனுக்கும் சொல்கிறேன்: பெரும்பாலான கப்பல்களில் பொதுக் கூடத்தில் ஒருவர் எத்தனை வேண்டுமானாலும் கேட்கலாம். மூன்று மெயின் கோர்ஸ் கேட்டால் மூன்றும் வரும். பில் வராது. இது நம் ஆட்கள் பலருக்குத் தெரிவதில்லை. ஒரு சூப், ஒரு ப்ளேட், ஒரு ஐஸ்கிரீம் என்று அளவோடு கேட்டுவிட்டு, “கப்பல் சாப்பாடு பத்தல” என்பார்கள். விலை எழுதியிருக்கும் சில ஐட்டங்கள், நல்ல ஸ்டீக், முழு லாப்ஸ்டர் போன்றவை, அவற்றுக்கு மட்டும்தான் தனிக்காசு. மெனுவில் எண் போட்டிருந்தால் தள்ளிவையுங்கள், அவ்வளவுதான்.

ஆக நாலு பேர், மூன்று இரவு, 12 சாப்பாடு. அதில் மனசாரச் சாப்பிடப்போவது தாராளமாகச் சொன்னால் 4. 519 டாலரை நாலால் வகுத்தால் ஒரு சாப்பாடு 130 டாலர், 11,700 ரூபாய் பக்கம். தனியாகப் போனால் டிப்ஸோடு சேர்த்து 70 டாலர் 80 சென்ட்தான். ‘மிச்சம்’ எங்கே போனது பாருங்கள்.

நாலு இரவில் மூன்று என்பதையும் யோசிக்க வேண்டும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குப் பெரும்பாலும் ராத்திரி விமானம். தூங்காமல் இறங்கி, அன்று மதியமே கப்பல் ஏறுவீர்கள். முதல் ராத்திரி யாருக்கும் இரண்டு மணி நேரம் மேஜையில் உட்காரத் தெம்பிருக்காது. ஸ்பெஷல் ரெஸ்டாரண்ட் சாப்பாடு அவ்வளவு நேரம் எடுக்கும், ஒன்பது வயதுப் பிள்ளை பாதியிலேயே மேஜைக்கு அடியில் போய்விடும். புக்கெட்டில் பெரிய கப்பல்கள் கரையில் கட்டாமல் கடலில் நங்கூரம் போட்டு, படகில் ஆட்களைக் கொண்டுபோய் விடுவார்கள். திரும்ப அந்தப் படகுக்கு வெயிலில் வரிசையில் நின்று, மணலோடு அறைக்கு வந்து, ஆறரைக்கு ரிசர்வேஷன் என்று எல்லாரையும் குளிக்க விரட்டுவீர்கள். கடைசி ராத்திரி பெட்டிகளைக் கட்டி அறை வாசலில் வைக்க வேண்டும். நடுவில் தியேட்டர் ஷோ வேறு. அதை விட்டால் மகள் விடமாட்டாள்.

யாருக்கு பேக்கேஜ் லாபம் என்றும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஓரவஞ்சனை ஆகிவிடும். ஏழு இரவு, பத்து இரவு போகிறவர்கள். பிள்ளைகள் இல்லாமல் இருவராகப் போகிறவர்கள். ஸ்டீக்கும் சுஷியும் ஊரிலேயே தேடிப்போய்ச் சாப்பிடுகிறவர்கள். கூட்டமும் இரைச்சலும் ஆகாதவர்கள். பொதுக் கூடத்தில் ஒரு வெயிட்டருக்கு இருபது பேருக்கு மேல். மூடி போட்ட தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தோளில் தூக்கிக்கொண்டு ஓடிவருவோம். உங்கள் முன் மூடியைத் திறக்கும்போது ஆறிப்போக ஆரம்பித்திருக்கும். ஸ்பெஷலில் கேட்ட பிறகுதான் அடுப்பில் வைப்பார்கள், வெயிட்டர் நின்று பேசுவார். அந்த வித்தியாசம் நிஜம். அந்த அமைதிக்காகக் காசு கொடுக்கிறவரை நான் குறை சொல்லமாட்டேன். கடல் நாட்களின் மதியமும் சேர்ந்த ‘அன்லிமிடெட்’ வகை நீண்ட பயணத்தில் உண்மையிலேயே கட்டுப்படியாகும்.

நம் துறைமுகத்திலிருந்து 2022 ஜூனில் கிளம்பிய எம்ப்ரஸ் கப்பலில் போய்வந்த சொந்தக்காரர்கள் உங்களிடம், “எங்களுக்கு இந்த பேக்கேஜ் பேச்சே பெரிசா வரலையே” என்று சொல்லலாம். அது 1990-ல் கட்டிய கப்பல், 48,000 டன் அளவு. எல்லாரும் ஒரே கூடத்தில், தினமும் அவரவருக்குக் கொடுத்த அதே மேஜையில் சாப்பிட்ட காலத்துக் கட்டுமானம். சிங்கப்பூரிலிருந்து ஓடும் பெரிய கப்பல்கள் ஒன்றரை லட்சம் டன் அளவு. அவ்வளவு இடத்தில் ஏழெட்டு ரெஸ்டாரண்ட் வைத்து அதை நிரப்பியாக வேண்டும்.

இப்போது கல்யாண நாள். பட்டியலில் கடைசி வரியைப் பாருங்கள்: கடலில் இருக்கும் நாள், ஸ்டீக்ஹவுஸ் மதியச் சாப்பாடு, 30 டாலர். ஏஜென்ட் இதை உங்களிடம் சொல்லியிருக்கமாட்டார். அதே சமையலறை, அதே நாற்காலி, ஜன்னல் ஓரம், பகல் வெளிச்சத்தில் கடல். ராத்திரி ஜன்னலில் உங்கள் முகம்தான் தெரியும். நீங்கள் இருவர் மட்டும் போனால் டிப்ஸோடு 70 டாலர் 80 சென்ட், 6,372 ரூபாய். மெனுவில் ஸ்டீக்கைத் தாண்டி இறால், நண்டு வடை, கோழி எல்லாம் இருக்கும். நண்டு வடையைக் கேளுங்கள், அதில் அவர்கள் கை நன்றாக இருக்கும். அந்த நேரத்தில் மகன் தங்கையை நீச்சல் குளத்துக்குக் கூட்டிப்போகட்டும், பீட்ஸா அங்கேயே சும்மா கிடைக்கும். மாமியார் மதியத் தூக்கம் போடுவார்.

அன்று ராத்திரி ஐந்து பேரும் பொதுக் கூடத்தில் உட்காருங்கள். முதல் நாளே ஹெட் வெயிட்டரிடம் கல்யாண நாள் என்று சொல்லிவையுங்கள். சின்ன கேக்கோடு ஐந்தாறு வெயிட்டர்கள் கைதட்டிக்கொண்டு வந்து பாடுவார்கள், பில் கிடையாது. சுருதி மட்டும் எதிர்பார்க்காதீர்கள். நான் ஆயிரம் தடவை பாடியிருப்பேன், ஒரு தடவையும் சேரவில்லை.

வெள்ளிக்கிழமை கெடு பற்றி. விலை ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். கப்பலுக்குள் போய் வாங்கினால் முன்பதிவைவிடக் கூடுதல் என்பது பெரும்பாலும் உண்மை. ஆனால் முதல் நாள் ராத்திரி ஸ்பெஷல் ரெஸ்டாரண்ட்டுகள் காலியாக இருக்கும் என்பதால் தள்ளுபடி கொடுத்துக் கூப்பிடுவதும் உண்டு. அந்த மதியச் சாப்பாட்டை இப்போதே முன்பதிவு செய்யச் சொல்லுங்கள். கப்பல் கிளம்பும் முன் ரத்து செய்தால் முழுப் பணமும் வருமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொல்வது போதாது. ஒரே அறையில் இருக்கும் பெரியவர்கள் எல்லாரும் எடுத்தால்தான் கொடுப்போம் என்று சொன்னால் அசையாதீர்கள். அந்த நிபந்தனை மதுபான பேக்கேஜுக்குத்தான் வழக்கம். ஒருவர் குடித்துவிட்டு இன்னொருவருக்கும் வாங்கிக் கொடுத்துவிடுவார் என்ற பயம் அவர்களுக்கு. சாப்பாட்டுக்கு அப்படிப் பார்ப்பதில்லை.

கடைசியாக மாமியார் விஷயம், இதுதான் எனக்கு முக்கியம். முதல் ராத்திரி மேஜையில் உட்கார்ந்ததும் ஹெட் வெயிட்டரைக் கூப்பிடுங்கள். அவர் இந்தியராக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. “அம்மா சுத்த சைவம், முட்டையும் ஆகாது, நாளையிலிருந்து பருப்பு, ஒரு காய், சாதம், தயிர் வேணும்” என்று சொல்லுங்கள். மெனுவில் இல்லாவிட்டாலும் மறுநாளிலிருந்து சின்னச் சின்னக் கிண்ணங்களில் வரும். இந்தியர்கள் நிறைய ஏறும் சிங்கப்பூர்க் கப்பல்களில் அது அன்றாட வேலை. பருப்பில் காரம் இருக்காது, அதையும் சொல்லிவிடுங்கள். இரண்டாம் நாள் சொன்னால் மூன்றாம் நாள்தான் வரும், நாலு நாள் பயணத்தில் அது பாதி. வீட்டில் அரைத்த பொடி, தொக்கு எல்லாம் கப்பல் ஏறும் இடத்தில் குப்பைக்குப் போய்விடலாம். கடையில் வாங்கிய, சீல் பிரிக்காத ஊறுகாய்ப் பாக்கெட் இரண்டு அவர் பெட்டியில் இருக்கட்டும். கணவர் கருவாடு எடுத்துவைத்தால் வீட்டிலேயே இறக்கிவிடுங்கள்.

இந்தப் பக்கத்தை மகன் கண்ணில் படாமல் வைத்துக்கொள்ளுங்கள். இல்லை, பட்டாலும் பரவாயில்லை, ஸ்டீக்ஹவுஸுக்கு அவனே உங்களைக் கூட்டிப்போகச் சொல்லட்டும்.